ஒரே குளத்தில் இறங்கிய இருவர்

வேலூர் லாங் பஜாரில் கடை வைத்திருக்கும் குடும்பங்களில், கல்லூரிக்குப் போகும் பிள்ளை மாலையில் கோட்டை மைதானமே கதி என்று கிடந்தால் பெரியவர்களுக்குக் கவலை வந்துவிடும். பத்தாவது வரை விளையாடட்டும், அதற்குப் பிறகு படிப்பு அல்லது கடை என்பது எழுதாத ஏற்பாடு. ஆட்டத்தில் பேர் வாங்கிவிட்டால் ரயில்வேயிலோ போலீஸிலோ வேலை கிடைக்கும். விளையாட்டால் வரக்கூடிய பயன் அத்துடன் முடிந்தது என்று வைத்துக்கொள்வார்கள். கல்லூரி அணியில் ஆடிய ஒருவர் விண்வெளி வீரரானார் என்று இங்கே சொன்னால் எல்லோரும் வியப்பார்கள். வியந்தவர்கள் மேற்கொண்டு எதுவும் கேட்க மாட்டார்கள். ஒருவர் கதை என்றால் அது அதிர்ஷ்டம். இரண்டு பேரை அருகருகே வைத்தால்தான் எது அதிர்ஷ்டம், எது உழைப்பு, எது அமைப்பு தந்த வசதி என்று பிரித்துப் பார்க்க வழி கிடைக்கும்.

அப்படி வைத்துப் பார்க்க லீலண்ட் மெல்வினையும் சுனிதா வில்லியம்ஸையும் எடுத்துக்கொள்கிறேன். வசதிக்காக எடுத்த இணை இது என்று தோன்றலாம். உண்மையில் 1998 ஜூனில் நாசா தேர்ந்தெடுத்த ஒரே பேட்ச்சில் இருவரும் இருந்தார்கள். அந்த ஆண்டு 25 அமெரிக்கர்கள் தேர்வானார்கள். ஹூஸ்டனில் ஒரே பயிற்சி, ஒரே பாடங்கள். வயதிலும் பெரிய இடைவெளி இல்லை. மெல்வின் பிறந்தது 1964 பிப்ரவரி, சுனிதா பிறந்தது 1965 செப்டம்பர். மெல்வினின் தந்தை, தாய் இருவரும் வர்ஜீனியாவின் லிஞ்ச்பர்க் நகரில் பள்ளி ஆசிரியர்கள். சுனிதாவின் தந்தை தீபக் பாண்டியா குஜராத்தின் ஜூலாசன் ஊரிலிருந்து போன நரம்பு உடற்கூறியல் அறிஞர். இரண்டும் படிப்பு கோலோச்சிய வீடுகள். அந்த வீடுகளில் விளையாட்டு படிப்புக்குப் போட்டியாக வராமல், அதன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது என்பது முதல் ஒற்றுமை.

வேற்றுமை அவர்கள் ஆடிய ஆட்டத்திலேயே தொடங்கிவிடுகிறது.

மெல்வினுடையது அமெரிக்கக் கால்பந்து. அதில் அவர் வைட் ரிசீவர்: முன்னே ஓடிக்கொண்டே திரும்பி, பின்னாலிருந்து வீசப்படும் பந்தைக் கையில் வாங்க வேண்டியவர். அந்த ஆட்டம் சில விநாடிகளில் முடிந்துவிடும் சிறு சிறு துண்டுகளால் ஆனது. ஒவ்வொரு துண்டிலும் கை பந்தைப் பிடித்தது அல்லது விட்டது, அவ்வளவுதான். ரிச்மண்ட் பல்கலைக்கழக அணிக்காக அவர் பிடித்த பந்துகள் 198. அவற்றால் கிடைத்த தூரம் 2,669 கெஜம்.

சுனிதாவினுடையது நீச்சல். சிறு வயதிலிருந்தே மாசசூசெட்ஸின் நீதம் ஊரில் போட்டிகளுக்கு நீந்தி வளர்ந்தவர். நீச்சலில் ஒரு கணத்தில் எதுவும் தீர்மானமாவதில்லை. ஒரே கையசைவை ஆயிரக்கணக்கான தடவை, அலுக்காமல், மூச்சை எண்ணியபடி செய்துகொண்டே இருக்க வேண்டும். பின்னாளில் அவர் பிடித்துக்கொண்ட மாரத்தானும் அதே குணம் கொண்டது. 2006 ஜனவரியில் ஹூஸ்டன் மாரத்தானை மூன்றரை மணி நேரத்துக்குள் ஓடி முடித்து, பாஸ்டன் மாரத்தானுக்குத் தகுதி பெற்றார்.

இந்த இரு தாளங்களும் அப்படியே வானத்துக்குப் போயின என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. எண்களும் அதற்கு ஒத்தாசை செய்கின்றன. மெல்வின் இரண்டு முறை, 2008 பிப்ரவரியிலும் 2009 நவம்பரிலும், அட்லாண்டிஸ் விண்கலத்தில் போய் வந்தார். இரண்டும் சேர்ந்து சுமார் 23 நாட்கள். சுனிதா மூன்று முறை போனார். மொத்தம் 608 நாட்கள். குறுகிய பாய்ச்சல் ஒருவருக்கு, நெடிய தாக்குப்பிடிப்பு இன்னொருவருக்கு. இங்கேயே நிறுத்திவிட்டால் ஒப்பீடு அழகாக முடிந்துவிடும். ஆனால் அவர்கள் அங்கே செய்த வேலையைப் பார்த்தால் இந்த அழகு குலைகிறது; அதன்பின் கிடைப்பது இன்னும் சுவையானது.

மெல்வினின் பொறுப்பு இயந்திரக் கையை இயக்குவது. 2008 பிப்ரவரி 11 அன்று அவரும் சக வீரர்களும் சர்வதேச விண்வெளி நிலையத்தின் 17 மீட்டருக்கு மேல் நீளமுள்ள கையால், பத்து டன்னுக்கும் அதிகமான கொலம்பஸ் ஆய்வுக்கூடத்தை விண்கலத்தின் சரக்கு அறையிலிருந்து தூக்கி நிலையத்தின் பக்கவாட்டில் பொருத்தினார்கள். விண்வெளிப் பயணத்தில் இதைப்போல் நிதானம் கேட்கும் வேலை அதிகம் இல்லை. அங்கே எடை இருக்காது, ஆனால் பொருண்மை இருக்கும். அவ்வளவு பெரிய பொருள் நகரத் தொடங்கிவிட்டால் எளிதில் நிற்காது. ஆகவே ஊர்ந்து நகர்த்தி, நின்று பார்த்து, கேமராவில் சரிபார்த்து, மறுபடி நகர்த்த வேண்டும். விநாடிகளில் முடிவெடுத்துப் பிடிக்கக் கற்ற கைகளுக்கு, மணிக்கணக்கில் பொறுமையாக ஒன்றை வைக்கும் வேலை வந்தது.

சுனிதாவுக்கு நேர்ந்தது அதன் மறுபுறம். அவர் ஒன்பது முறை நிலையத்துக்கு வெளியே போய் வேலை செய்தார். மொத்தம் 62 மணி 6 நிமிடம், பெண்களில் இதுவே அதிகம். ஓட்டத்தில் அவரை முன்னே தள்ளிய கால்கள் அங்கே பெரும்பாலும் சும்மா இருந்தன. விண்வெளி நடை என்று பெயர்தானே தவிர, நடப்பது கைகளால்தான். காற்றடைத்த கையுறைக்குள் விரல்களை மடக்கி, கைப்பிடிக் கம்பிகளை மாற்றி மாற்றிப் பற்றி, ஆறேழு மணி நேரம் நகர்ந்துகொண்டிருக்க வேண்டும். அதற்கு வேண்டியது பற்றும் கை. பந்து பிடிப்பவரின் கை. மெல்வினின் கைகளுக்கு ஏற்ற வேலை சுனிதாவிடம் போனது, சுனிதாவின் நிதானத்துக்கு ஏற்ற வேலை மெல்வினிடம் வந்தது. ஏன் அப்படி நேர்ந்தது என்பதற்கு ஒரு விடை இருக்கிறது. அது ஒரு குளத்துக்குள் இருக்கிறது. அதற்கு முன்பு, இருவரும் அந்தக் குளத்தங்கரைக்கு எப்படி வந்து சேர்ந்தார்கள் என்று பார்த்துவிடலாம்.

மெல்வின் வந்த வழியில் ஒரு கைதவறல் இருக்கிறது. உயர்நிலைப் பள்ளியில் முக்கியமான ஓர் ஆட்டத்தில், வெற்றி தரக்கூடிய பந்து நேராகக் கைக்கு வந்தும் விட்டுவிட்டார். ரிச்மண்ட் பல்கலைக்கழகத்துக்காக ஆள் பார்க்க வந்தவர் அத்தோடு எழுந்து மைதானத்தை விட்டுப் போகத் தொடங்கினார். பயிற்சியாளரோ அதே பையனை மீண்டும் உள்ளே அனுப்பினார். அதே உத்தி, அதே வீச்சு. இம்முறை பிடித்தார். வாசலை நோக்கிப் போனவர் கூட்டத்தின் ஆரவாரம் கேட்டுத் திரும்பி வந்தார். அதிலிருந்து ரிச்மண்டில் உதவித்தொகையுடன் இடம் கிடைத்தது. மெல்வின் தன் வாழ்க்கை நூலில் சொல்லும் சம்பவம் இது. இதைக் கேட்பவர்கள் பையனின் மன உறுதியைப் பாராட்டுவார்கள். என் கவனம் பயிற்சியாளரிடம் போகிறது. கைவிட்டவனிடமே அடுத்த பந்தையும் கொடுப்பதற்கு எவ்வளவு தெளிவு வேண்டும்! அவர் வேறொருவரை அனுப்பியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது.

சுனிதாவின் வழியில் கைதவறல் இல்லை. கைக்கு வராமல் போனவை உண்டு. கால்நடை மருத்துவராக நினைத்தவர் அவர். கடற்படை அகாடமியில் படித்த அண்ணனின் வழியில் அங்கே போய்ச் சேர்ந்தார், 1987-இல் பட்டம். தண்ணீர்ப் பிள்ளை ஆயிற்றே, மூழ்குநர் வேலையில் நாட்டம் இருந்தது. சில மாதங்கள் அந்தப் பயிற்சியும் பெற்றார். பிறகு விமானப் பிரிவுக்குப் போய், 1989-இல் கடற்படை விமானி ஆனார். ஓட்டக் கிடைத்தது ஹெலிகாப்டர். விண்வெளி வீரர்கள் என்றால் ஜெட் விமானிகள் என்று எண்ணப்பட்ட துறையில் ஹெலிகாப்டர் ஓட்டி ஒரு படி கீழே என்றுதான் கருதப்படுவார். சோதனை விமானிப் பயிற்சியின்போது ஹூஸ்டனுக்குப் போன இடத்தில், சந்திரனில் கால் வைத்த ஜான் யங், இறங்குகலத்தை ஓட்டுவதற்காகத் தாம் ஹெலிகாப்டர் கற்ற விவரத்தைச் சொன்னார். தன் குறை என்று நினைத்திருந்தது அங்கே தகுதியாக மாறுவதைச் சுனிதா அப்போது கண்டார்.

ஒருவருக்கு இரண்டாம் வாய்ப்பைப் பயிற்சியாளர் கொடுத்தார். மற்றவருக்கு அவருடைய இரண்டாம் தேர்வே வாய்ப்பு என்று ஒரு மூத்தவர் எடுத்துக் காட்டினார். இருவர் கதையிலும் முதலில் விரும்பியது முதலில் கிடைக்கவில்லை. இருவருக்கும் அந்த நேரத்தில் பக்கத்தில் ஒரு பெரியவர் இருந்தார்.

இனி நம் ஊர்க் குடும்பங்களுக்கு நேரடியாகத் தொடர்புள்ள இடம். மெல்வின் கல்லூரியில் படித்தது வேதியியல். சிறுவனாக இருந்தபோது தாய் வாங்கித் தந்த வேதியியல் பெட்டியால் வீட்டுக் கம்பளத்தில் ஓட்டை போட்டவர் அவர். தந்தை ஒரு பழைய ரொட்டி வண்டியை வாங்கி, குடும்பம் தங்கிப் பயணம் போகும் வண்டியாகத் தன் கையாலேயே மாற்றியதைக் கூடவே இருந்து பார்த்தவர். 1986-இல் டெட்ராய்ட் லயன்ஸ் என்ற தொழில்முறை அணி அவரை எடுத்தது. பயிற்சி முகாமிலேயே பின்தொடைத் தசை இழுத்துக்கொண்டது, அணி விடுவித்தது. அடுத்த ஆண்டு டல்லஸ் கௌபாய்ஸ் முகாம். பகலில் ஆட்டப் பயிற்சி. இரவில் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் பொருளறிவியல் முதுகலைப் பாடங்களை வீடியோ கேசட்டில் போட்டுப் பார்த்துப் படித்தார். அங்கும் அதே தசை. தொழில்முறை ஆட்டம் அத்துடன் முடிந்தது. ஆனால் அன்றிரவு பார்க்க வேண்டிய பாடம் அறையில் காத்திருந்தது. விளையாட்டு விட்டுப் போனபின் படிப்பைத் தேடிப் போனவர் என்று இவரைச் சொன்னால் தவறு. இரண்டும் ஒரே நாளின் இரு பாதிகளாக இருந்தன.

1989-இல் நாசாவின் லாங்லி ஆய்வு மையத்தில் சேர்ந்தார். அங்கே அவர் வேலை, ஒரு பொருளை வெட்டாமல், உடைக்காமல், அதற்குள் இருக்கும் பழுதைக் கண்டுபிடிப்பது. ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் தோலை வெளிச்சத்தில் விரித்துப் போட்டு, உள்ளங்கையால் தடவி, கீறலும் உண்ணிக்கடித் தழும்பும் பார்த்து ரகம் பிரிக்கிறவர்களுக்கு இந்த வேலையின் அருமை சொல்லாமலே விளங்கும். கண்ணும் கையும் செய்வதை மெல்வின் ஒளியிழை உணரிகளைக் கொண்டு செய்தார்: பொருளுக்குள் எங்கே இறுக்கம் ஏறுகிறது, எங்கே சூடு கூடுகிறது என்று அளக்கும் மெல்லிய கண்ணாடி இழைகள். அந்த ஆய்வகத்தில் இருந்தபோதுதான் நண்பர் ஒருவர் விண்வெளி வீரர் தேர்வுக்கான விண்ணப்பத்தைக் கொண்டுவந்து கொடுத்தார்.

சுனிதாவிடம் இந்த இரண்டு பாதிகள் என்ற பேச்சே எழவில்லை. கடற்படை அகாடமியில் உடற்பயிற்சி பாடத்திட்டத்திலேயே சேர்ந்தது. அங்கே படிக்கிறவர் ஓடியாக வேண்டும், நீந்தியாக வேண்டும். ஓடுகிறவர் இயற்பியல் தேர்வு எழுதியாக வேண்டும். பிறகு 1995-இல் பொறியியல் மேலாண்மையில் முதுகலைப் பட்டமும் பெற்றார். மெல்வின் தாமே கட்டிக்கொண்ட பாலத்தைச் சுனிதாவுக்கு நிறுவனம் கட்டி வைத்திருந்தது. இதில் மெல்வினின் உழைப்பு கூடுதலாகத் தெரிகிறது. ஆனால் தெரியாமல் இருக்கும் உழைப்பைக் குறைத்து எடைபோடவும் கூடாது: பெண்களுக்குப் போர்க்கப்பல்களிலும் விமானங்களிலும் பல கதவுகள் இன்னும் மூடியிருந்த காலத்தில் அந்த அகாடமிக்குள் நுழைந்தவர் அவர்.

இப்போது குளத்துக்கு வருவோம்.

ஹூஸ்டனில் உள்ள அந்தக் குளம் 62 மீட்டர் நீளம், 31 மீட்டர் அகலம், 12 மீட்டர் ஆழம். 2 கோடியே 30 லட்சம் லிட்டருக்கு மேல் தண்ணீர் பிடிக்கும். அதற்குள் விண்வெளி நிலையத்தின் பாகங்கள் அதே அளவில் செய்து இறக்கப்பட்டிருக்கும். மிதக்கவும் மூழ்கவும் செய்யாதபடி எடையைச் சமன்செய்த விண்வெளி உடையில் வீரர்களை இறக்குவார்கள். வெளியே ஒரு மணி நேரம் செய்யப்போகும் வேலையைத் தண்ணீருக்குள் அதற்குப் பல மடங்கு நேரம் பழகுவார்கள். விண்வெளி நடைக்குப் போக விரும்புகிற ஒவ்வொருவரும் கடக்க வேண்டிய இடம் அது.

2001-இல் மெல்வின் அதற்குள் இறங்கினார். ஆழம் கூடும்போது காதுக்குள் அழுத்தம் ஏறும். நாமாக இருந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு காற்றைத் தள்ளி அதைச் சமன்செய்வோம். தலைக்கவசத்துக்குள் கை போகாது. அதனால் மூக்கை அழுத்திக்கொள்ளச் சிறு பஞ்சு மெத்தை ஒன்றை உள்ளே ஒட்டி வைப்பது வழக்கம். அன்று அது இல்லை. சில மீட்டர் இறங்கியதும் ஒலியைக் கூட்டச் சொன்னார். பதில் வந்தது, அவருக்குக் கேட்கவில்லை. மேலே தூக்கியபோது காதிலிருந்து ரத்தம். அறுவை சிகிச்சை செய்தும் இன்ன காரணம் என்று மருத்துவர்களால் தீர்மானமாகச் சொல்ல முடியவில்லை. கேட்கும் திறன் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. இடது காதில் முழுமையாகத் திரும்பவே இல்லை. விண்வெளிப் பயணத்துக்குத் தகுதியற்றவர் என்று மருத்துவக் குழு முடிவு செய்தது.

அதே குளம் சுனிதாவுக்குத் தாய்வீடு. காதில் ஏறும் அழுத்தமும், நீருக்குள் நிதானமாக விடும் மூச்சும் அவருக்குக் குழந்தைப் பருவத்துப் பழக்கங்கள். மூழ்குநர் பயிற்சி வேறு இருந்தது. மெல்வினின் விபத்துக்கு அடுத்த ஆண்டு, 2002 மேயில், ஃபுளோரிடா கடலடியில் இருக்கும் அக்வாரியஸ் என்ற வாழ்விடத்தில் ஒன்பது நாள் தங்கிவிட்டு வந்தார். ஒரே பேட்ச்சைச் சேர்ந்த இருவர். ஒருவரின் செவியை எடுத்துக்கொண்ட தண்ணீர் இன்னொருவரைத் தயார் செய்தது. கைகள் ஏன் இடம் மாறின என்ற கேள்விக்கு இதுதான் விடை. மெல்வின் ஒருமுறையும் விண்வெளி நடை போகவில்லை.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. மெல்வினைத் தடுத்தது அவருடைய உடல் வலிமைக் குறைவு இல்லை. பெரும்பாலும், உடையில் இல்லாமல் போன ஒரு துண்டுப் பஞ்சு. இதைத் தொடைத் தசையுடன் சேர்த்து ஒரே வரிசையில் வைத்து, மூன்று தோல்விகளை வென்றவர் என்று எழுதுவது எளிது. அப்படி எழுதினால் உடல் செய்த துரோகமும் பிறர் கவனக்குறைவும் ஒன்றாகிவிடும். இரண்டையும் பிரித்துப் பார்ப்பது அவருக்கு நாம் செய்ய வேண்டிய மரியாதை.

அவரை மீண்டும் வானத்துக்கு அனுப்பியது ஒரு துக்கம். 2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா விண்கலம் திரும்பி வரும் வழியில் சிதறியது. நம் நாட்டில் அந்த நாள் கல்பனா சாவ்லாவின் பெயரால் நினைக்கப்படுகிறது. அதே கலத்தில் இருந்த டேவிட் பிரவுன் மெல்வினின் நண்பர். அவரும் கல்லூரி நாட்களில் ஜிம்னாஸ்டிக் வீரர், சர்க்கஸில் கழைக்கூத்தாடியாகக்கூடப் பணியாற்றியவர். வெவ்வேறு ஊர்களில் நடந்த நினைவு நிகழ்ச்சிகளுக்கு மெல்வின் விமானத்தில் போனபோது, நாசாவின் தலைமை மருத்துவரும் உடன் இருந்தார். விமானம் ஏறி இறங்கும்போதெல்லாம் மெல்வின் காதுகளில் அழுத்தத்தைச் சமன்செய்துகொள்வதை அவர் கவனித்தார். காது வேலை செய்கிறது என்பதற்கு மருத்துவருக்கு வேறு சான்று வேண்டியிருக்கவில்லை. பறக்கலாம் என்று விலக்கு எழுதிக் கொடுத்தார். பள்ளி மைதானத்தில் பயிற்சியாளர் செய்ததை இருபதாண்டுகளுக்குப் பிறகு இன்னொருவர் செய்தார்.

குளத்திலிருந்து எடைக்கு வந்தால் ஒப்பீடு மறுபடி திசை மாறுகிறது. லாங் பஜாரில் எல்லாமே எடை. விடியுமுன் லாரியிலிருந்து மூட்டை இறக்குகிறவர்களின் முதுகில் தொடங்கி, கடைத் தராசில் முடியும் நாள் அது. அந்த எடையை ஒரேயடியாக நீக்கிவிட்டால் மனித உடல் என்ன ஆகும்? எடை தாங்கும் எலும்புகள் மாதத்துக்கு ஒரு சதவீதத்துக்கும் மேல் அடர்த்தியை இழக்கும், தசை சுருங்கும். ஆகையால் நிலையத்தில் தங்குகிறவர்கள் தினமும் இரண்டரை மணி நேரம் வரை உடற்பயிற்சிக்கு ஒதுக்குகிறார்கள். அங்கே எடை தூக்கும் கருவி ஒன்று உண்டு: இரும்புத் தட்டுகள் எடையிழந்துவிடுவதால் வெற்றிடக் குழாய்கள் எதிர்ப்பைத் தருகின்றன, 272 கிலோ வரை கூட்டிக்கொள்ளலாம். 2014-இல் கிளாஸ்கோவில் இரண்டு தூக்குகளும் சேர்த்து 328 கிலோ தூக்கி, 2018-இல் தொடைக் காயத்தோடு கோல்ட் கோஸ்டில் 317 கிலோ தூக்கி, இரண்டு முறையும் காமன்வெல்த் தங்கம் கொண்டுவந்த நம் சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கம் அந்தக் கருவியைப் பார்த்தால் மகிழ்வார் என்று நினைக்கிறேன். எடையே இல்லாத ஊரிலும் எடை தூக்குகிறவருக்குத்தான் எலும்பு மிஞ்சுகிறது.

இந்த இடத்தில் சுனிதாவின் விளையாட்டு வேறு தகுதி பெறுகிறது. 2007 ஏப்ரல் 16 அன்று, பாஸ்டனில் மாரத்தான் தொடங்கிய நாளில், அவர் நிலையத்தின் டிரெட்மில்லில் பட்டைகளால் தன்னைக் கட்டிக்கொண்டு அந்த முழுத் தூரத்தையும் 4 மணி 24 நிமிடத்தில் ஓடினார். அவருடைய அக்கா டீனா அதே நேரம் தரையில், பாஸ்டன் சாலையில் ஓடிக்கொண்டிருந்தார். அந்த ஓட்டம் முடிவதற்குள் நிலையம் பூமியை இரண்டு முறைக்கு மேல் சுற்றிவிட்டது. 2012 செப்டம்பரில் டிரையத்லான். தண்ணீர் இல்லாத இடத்தில் நீந்துவது எப்படி? அந்த எடைக் கருவியில் கைகளுக்கு நீச்சலுக்குரிய இழுப்பைக் கொடுத்து அந்தப் பகுதியை முடித்தார். பிறகு சைக்கிள், பிறகு ஓட்டம். பார்க்க வேடிக்கையாக இருந்தாலும், இவை தினசரி மருந்தாக எடுத்துக்கொண்ட பயிற்சியின் நீட்சிகளே. 2024 ஜூன் 5 அன்று சில நாள் பயணம் என்று கிளம்பியவர், கலத்தில் கோளாறு ஏற்பட்டதால் 286 நாள் கழித்து 2025 மார்ச் 18 அன்றுதான் திரும்பினார். அந்த ஒன்பது மாதமும் அவரைத் தாங்கியதில் நீதம் ஊர் நீச்சல் குளத்துக்கும் பங்கு உண்டு என்று சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை.

மெல்வினின் குறுகிய பயணங்களுக்கு அவ்வளவு உடல் முதலீடு தேவைப்படவில்லை. எலும்பு கரையுமுன் வீடு திரும்பிவிடலாம். ஆட்டத்தால் பெற்ற உடலை அவர் வானத்தில் செலவழிக்க நேரவில்லை. ஆட்டத்தால் கிடைத்த கல்லூரிப் படிப்பைத்தான் செலவழித்தார். சுனிதாவுக்கு விளையாட்டு, விண்வெளியில் பிழைப்பதற்கான கருவி. மெல்வினுக்கு அது, ஆய்வகத்தின் வாசலைத் திறந்த சாவி. கல்லூரி விளையாட்டு வீரர் விண்வெளி வீரரானார் என்ற ஒரே வாக்கியம் இருவருக்கும் பொருந்தும். ஆனால் அந்த வாக்கியத்தில் 'விளையாட்டு' இருவருக்கும் ஒரே வேலையைச் செய்யவில்லை.

இருவரில் யார் கதை வேலூர் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு அதிகம் பயன்படும் என்று என்னைக் கேட்டால், மெல்வின் என்பேன். சுனிதாவின் வழியில் நடக்கக் கடற்படை அகாடமி போன்ற ஓர் அமைப்பு முழுதாக வேண்டும். மெல்வினின் வழிக்கு வேண்டியது சிறியது: விளையாட்டு ஒதுக்கீட்டில் சேரும் மாணவருக்கு, எந்தத் துறையில் இடம் மிச்சமோ அதைத் தராமல், அவர் விரும்பும் ஆய்வகத்தில் இடம் தருவது, போட்டிக்குப் போன வாரத்துப் பாடத்தை அவர் திரும்பக் கேட்க வழி செய்வது. அன்று கேசட் வேண்டியிருந்தது, இன்று கைப்பேசி போதும். 2010 முதல் 2014 வரை நாசாவின் கல்விப் பிரிவுக்குத் தலைமை வகித்தபோது மெல்வின் பள்ளி பள்ளியாகப் போய்ப் பேசியதும் இந்த இரு பாதிகளை ஒரே பிள்ளைக்குள் வைப்பது பற்றித்தான். அறிவியல் நம் வேலை இல்லை என்று ஒதுங்கி நிற்கும் பிள்ளைகள் அமெரிக்காவிலும் உண்டு, ஆம்பூரிலும் உண்டு.

தேதிகளை வரிசைப்படுத்திப் பார்த்தபோது ஓர் உறவு தென்பட்டது. சுனிதா முதல் பயணம் முடிந்து இறங்கியது 2007 ஜூன். மெல்வின் போய்ச் சேர்ந்தது 2008 பிப்ரவரி. சுனிதா மாரத்தான் ஓடிய டிரெட்மில் அப்போதும் நிலையத்தில் அதே இடத்தில் இருந்தது. மெல்வின் பொருத்திவிட்டு வந்த கொலம்பஸ் கூடம் சுனிதாவின் முதல் 195 நாட்களில் இல்லை. அடுத்த இரண்டு பயணங்களில், 127 நாளும் 286 நாளுமாக, நிலையத்தின் அன்றாட ஆய்வுகள் நடக்கும் அறைகளில் ஒன்றாக அது இருந்தது. சுனிதாவின் 608 நாட்களில் 413 நாட்கள், குளத்தில் செவியை இழந்த பேட்ச் தோழர் கட்டி வைத்த அறையும் சேர்ந்த வீட்டில் கழிந்தன.